பந்தில் எத்தனையாம் பிள்ளை?

"எறி பிள்ளை! எறி எண்டுறன்!"

கேதீஸ்வரி டீச்சர் கூடைப்பந்துக் கோட்டுக்கு வெளியே நின்று கத்திய கத்தலில் வாவிக்கரைக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்துவிட்டன. விதுர்ஷா மட்டும் அசையவில்லை. பந்து கையில், கூடை தலைக்கு மேலே. மறிக்க வந்த பிள்ளை தடக்கி விழுந்து கிடக்கிறாள். இதைவிட வசதி வேண்டுமென்றால் ஏணி வைத்துத்தான் எறிய வேண்டும்.

விதுர்ஷா பந்தை நஸ்ஹாவிடம் கொடுத்தாள். நஸ்ஹா சுடுசோற்றுப் பானையை வாங்கியவள் போல அதை அடுத்தவளிடம் தள்ளினாள். அடுத்தவள் திரும்ப விதுர்ஷாவிடமே கொடுத்தாள். நடுவர் விசில் அடித்தார். நேரத்துக்குள் எறியவில்லை, பந்து எதிரணிக்கு என்று கையைக் காட்டினார்.

எதிரணி என்பது வாவிக்கு அக்கரையில் இருக்கும் பெண்கள் கல்லூரி. போன வருடச் சம்பியன். இது வெறும் பயிற்சி ஆட்டம்தான். என்றாலும் இடைவேளைக்கு முன்பே டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஏன்டி எறியல்ல?"

"எறிஞ்சு விழாட்டி டீச்சர்?" என்றாள் விதுர்ஷா. அவள்தான் கெப்டன்.

"விழாட்டி மறுகா எறியிற. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? நான் இப்ப எறியிற பட்டியலில முதலாம் பிள்ளை. ஒண்டு பிழைச்சாலும் என்ட சதவீதம் குறைஞ்சிரும்."

"நான் ரெண்டாம் புள்ள டீச்சர்," என்றாள் நஸ்ஹா. "புழைச்சா மூணாம் புள்ளையாப் போயிருவன். வாப்பாக்கு நான் என்ன சொல்ற?"

டீச்சர் அணியின் கடைசிப் பிள்ளையைப் பார்த்தார். "உனக்கு என்ன கேடு? நீ எறியலாம்தானே?"

"எனக்கு இன்னும் சதவீதமே இல்ல டீச்சர். எறிஞ்சாத்தானே பூச்சியம் வரும்."

டீச்சர் யாரை ஏசுவது? இந்தப் பிள்ளைகளை முதலாம் பிள்ளை, ரெண்டாம் பிள்ளை ஆக்கி வைத்தவரே அவர்தானே! ஆட்டம் முடிந்து கைகொடுக்க வந்த அக்கரைப் பயிற்றுநர் முகைதீன்பாவா சேர், ஏறாவூர்க்காரர், நல்ல மனிதர், குத்திக்காட்டத் தெரியாதவர். "ஒங்கட புள்ளையள் நல்ல மரியாதை டீச்சர். ஒருத்தரும் பந்துக்கு ஆசப்படல்ல," என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனார். வைதிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

கேதீஸ்வரி டீச்சர் உயர்தர வகுப்புக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிப்பவர். வாழ்நாளில் பந்தைத் தொட்டவர் இல்லை. ஆனால் அவருடைய மாடி வகுப்பு யன்னலால் பார்த்தால் கோட் தெரியும். அவருடைய பாடத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் அதே பிள்ளைகள், பள்ளி விட்டதும் அங்கே விழுந்தெழும்பிச் சிரிப்பதை அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிரிப்பு அவருக்கு நல்ல விருப்பம். வெளியில் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போன கையோடு பள்ளி அதிபர் மங்கையற்கரசி ஆசிரியர் கூட்டத்தில் கதையைத் தொடங்கினார்.

"அந்தக் கோட்டில ஸ்கூட்டர் விட ஒரு கொட்டில் போடுவம். போன வருசமும் ஒண்டும் வெல்லல்ல, அதுக்கு முதல் வருசமும் ஒண்டும் வெல்லல்ல. ஆசிரியர்மார்ர ஸ்கூட்டராவது வெயிலுக்கு ஒதுங்கும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரிடமும் ஸ்கூட்டர் இருந்தது. கேதீஸ்வரி டீச்சருக்கு மட்டும் வாய் சும்மா கிடக்கவில்லை.

"ஏன் தோக்கிறம் எண்டு ஆராவது கணக்குப் பாத்திருக்கா மெடம்? எது பலம், எது பலவீனம் எண்டு கணக்கு சொல்லும்."

"அப்ப நீங்களே பாருங்க," என்றார் அதிபர். "வலயப் போட்டியில ஒரே ஒரு மெச் வெண்டு காட்டுங்க. வெண்டா கோட். தோத்தா கொட்டில்."

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: டீச்சரின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கோட்டுக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளைக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று இரண்டு அணியின் எறிகளையும் குறிக்கச் செய்தார். விதுர்ஷா கிட்ட நின்றால் தவறவிடமாட்டாள். நஸ்ஹா தூரத்தில்தான் கெட்டிக்காரி. அணி முழுவதும் இடது பக்கம் போனால் சொதப்பும். விளையாட்டு ஆசிரியருக்கே பிடிபடாத விடயங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

பிழை அதற்குப் பிறகுதான் வந்தது. புள்ளி என்று ஒன்று இருந்தால் கூட்ட வேண்டும், கூட்டினால் நிலை போட வேண்டும், நிலை போட்டால் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். தவணைப் பரீட்சை திருத்தித் திருத்திப் பழகிய கை வேறு என்ன செய்யும்? எறிந்ததில் எத்தனை வீதம் விழுந்தது என்று பார்த்து, முதலாம் பிள்ளையில் இருந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் சிவப்புப் பேனையால் எழுதி ஒட்டிவிட்டார். பிள்ளைகளும் பரீட்சைக்குப் பயப்படுவதுபோல் கூடைக்குப் பயப்படத் தொடங்கினார்கள்.

"சரி," என்று அந்தப் பயிற்சி ஆட்டம் முடிந்த கையோடு டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பந்தை மற்றவளுக்குக் குடுக்கிறதுக்கும் புள்ளி போடுவம். அப்ப தன்னலம் போயிரும்."

தன்னலம் போனது உண்மைதான். வலயப் போட்டியின் முதல் ஆட்டத்தில் பிள்ளைகள் பந்தைக் கொடுத்த கொடுப்பில், கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டம்கூட அப்படிச் சுற்றியிராது. கூடை ஒன்று இருக்கிறது என்பதையே எல்லாரும் மறந்துபோனார்கள். தோல்வி. அதோடு புதுப் பட்டியலில் விதுர்ஷா கடைசிப் பிள்ளை.

அடுத்த நாள் காலையில் உன்னிச்சையில் இருந்து பஸ் ஏறி விதுர்ஷாவின் அம்மா புஸ்பம் வந்து இறங்கினார்.

"டீச்சர், என்ட பிள்ளை கணக்கில கடைசிப் பிள்ளை வரட்டும், நான் வாயே திறக்கமாட்டன். பந்தில கடைசிப் பிள்ளையா? குமர்ப்பிள்ளைய இவ்வளவு தூரத்தில ஹொஸ்டல்ல விட்டிருக்கிறன், எதை நம்பி? ஊருக்குள்ள நான் எப்பிடித் தலை காட்டுற?"

"அம்மா, இது பரீட்சை இல்ல..."

"அப்ப ஏன் சிவப்புப் பேனையால எழுதினீங்க?"

புஸ்பம் போகும்போது, கூடைப்பந்துக்கு ரியூசன் கொடுக்கிற ஆள் யாரும் இருக்கா என்றும் விசாரித்துவிட்டுப் போனார்.

"எறியப் பயம்தானே பிரச்சினை? விழுந்தாலும் விழாட்டியும் எறிஞ்சதுக்கே ஒரு புள்ளி," என்று டீச்சர் சட்டத்தை மாற்றினார்.

ஐயோ, ஏன் கேட்கிறீர்கள்! கையில் பந்து வந்த மறு நொடியே எறி. நடுக்கோட்டில் இருந்து எறி. கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் எறி. பயிற்சியில் பந்து மதிலைத் தாண்டி வாவிக்குள் விழுந்தபடி இருந்தது. தோணியில் நின்று வலை வீசிய மனிதர் பந்தைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், நான் மீன் பிடிக்கிறதா, பந்து பிடிக்கிறதா?"

இரண்டாவது ஆட்டமும் போனது. டீச்சர் ஆத்திரத்தில் பிழைக்கெல்லாம் புள்ளி கழிக்கப் போவதாக அறிவித்தார். மூன்றாவது ஆட்டத்தில் பிள்ளைகள் பிழையே விடவில்லை. எதிரணி பந்தோடு ஓடிவந்தால் விலகி வழிவிட்டார்கள். இடித்தால் புள்ளி குறையும் அல்லவா? ஒருத்தி, "சொறி அக்கா, நீங்க போங்க," என்று கையும் காட்டினாள்.

தோல்விகூடப் பரவாயில்லை. விதுர்ஷாவும் நஸ்ஹாவும் ஒரே சோற்றுப் பார்சலில் கைவைத்துத் தின்கிறவர்கள். இப்போது ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். என் புள்ளியை நீ கெடுத்தாய், இல்லை நீதான் கெடுத்தாய் என்று ஒரே சச்சரவு. அன்று பள்ளி விட்ட பிறகு டீச்சர் மாடி யன்னலால் எட்டிப் பார்த்தார். எல்லாரும் கோட்டில்தான் நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அது அவருக்குத் தாங்கவில்லை. கொட்டில் வந்தால் கோட்தான் போகும், நான் இந்தப் பிள்ளையளையே கெடுத்துப்போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். விறுவிறென்று படி இறங்கிப் போய்ப் பலகையில் இருந்த பட்டியலைப் பிடுங்கிக் கிழித்தார்.

"முடிஞ்சுது. இனி முதலாம் பிள்ளையும் இல்ல, கடைசிப் பிள்ளையும் இல்ல. மிச்சம் ஒரு மெச்தான். ஆசைக்கு விளையாடுங்க. வெண்டா வெண்டம், தோத்தாத் தோத்தம். நான் செஞ்ச பிழைக்கு நீங்க மூஞ்சைய நீட்டிட்டு இரிக்கவேணா."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப கணக்கு வேணாமா டீச்சர்?" என்றாள் விதுர்ஷா.

"வேணவே வேணா."

"எங்களுக்கு வேணாம்தான்," என்று விதுர்ஷா யோசனையோடு சொன்னாள். நஸ்ஹா அவளைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். இரண்டு பேரும் மறுபடி கதைக்கிறார்களே என்ற சந்தோசத்தில் டீச்சருக்குக் கண் கலங்கிப்போனது.

மிச்சம் இருந்த அந்த ஒரு ஆட்டம் யாரோடு என்று நினைக்கிறீர்கள்? அக்கரைச் சம்பியனோடுதான்.

ஆட்டத்தன்று அதிபரும் வந்து கதிரை போட்டு உட்கார்ந்தார். கொட்டிலுக்கு எவ்வளவு நீளம் வரும் என்று அவர் கண்ணால் அளப்பது போலவே டீச்சருக்குப் பட்டது. களுதாவளைப் பிள்ளையாருக்கு மனதுக்குள் தேங்காய் நேர்ந்துகொண்டு நின்றார்.

விசில் ஊதியது. நஸ்ஹா தூரத்தில் இருந்து எறிந்தாள், விழவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி எறிந்தாள், விழுந்தது. விதுர்ஷா இடித்தாள், விழுந்தாள், எழும்பினாள், எறிந்தாள். கடைசிப் பிள்ளைகூட ஒன்று போட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கரைப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு என்ன பிடித்ததோ தெரியாது. பந்து நன்றாகத்தான் வந்தது, கூடைக்குக் கிட்டவும் போனார்கள். போய்ப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார்கள். அவள் இன்னொருத்தியிடம் கொடுத்தாள். அவர்களுடைய உயரமான பிள்ளை கூடைக்கு நேர் கீழே பந்தை அணைத்துக்கொண்டு நின்றாள், கொடுக்கவும் மாட்டாள், எறியவும் மாட்டாள்.

"எறி புள்ள! எறி!" என்று முகைதீன்பாவா சேர் தொண்டை கிழியக் கத்தினார்.

டீச்சருக்கு எதையும் யோசிக்க நேரம் இல்லை. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று சேலைத் தலைப்பை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். கடைசி விசில் ஊதியபோது புள்ளிப் பலகையை மூன்று தரம் பார்த்துத்தான் நம்பினார். வென்றுவிட்டார்கள்! பிள்ளைகள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்த பிடியில் மூக்குக்கண்ணாடி எங்கேயோ பறந்தது.

அதிபர் எழும்பி வந்தார். "சரி டீச்சர், சொன்ன சொல் சொன்னதுதான். ஸ்கூட்டர் வெயிலுக்கையே நிக்கட்டும். ஆனா கெட்டிக்காரிதான் நீங்க. உங்கட கணக்குத்தான் வெண்டிரிக்கு."

"ஐயோ மெடம், கணக்கெல்லாம் கிழிச்செறிஞ்சிட்டன்," என்றார் டீச்சர் கண்ணைத் துடைத்தபடி. "பிள்ளையள ஆசைக்கு விளையாட விட்டன், வெண்டிட்டாங்க. விளையாட்டில கணக்குக்கு ஒரு வேலையும் இல்ல எண்டு இண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு."

அந்த நேரம் முகைதீன்பாவா சேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கைகொடுக்க வந்தார். தோற்ற மனிதரின் முகத்தில் கொஞ்சமும் கோபம் இல்லை. விதுர்ஷாவும் நஸ்ஹாவும் ஏனோ மெதுவாக டீச்சருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

"தோத்தது கெடக்கட்டும் டீச்சர்," என்றார் அவர். "எங்கட புள்ளையள்ள ஆரு முதலாம் புள்ள, ஆரு கடைசிப் புள்ள எண்டு கணக்குப் போட்டு ஒங்கட கெப்டன் அனுப்பினாவே, அத நோட்டீஸ் போட்ல ஒட்டின நாள் தொட்டு எங்கட புள்ளையள்ர அக்கறையப் பாக்கோணும், அதுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போவம் எண்டுதான் வந்தன்."