கலர் அண்ணாச்சியின் கத்தரிக்கோல்

அடுத்தவன் வீட்டுச் செடியை வெட்டுவதைப் பிறப்புரிமையாக நினைத்த ஆள் சிவகாசியிலேயே கலர் அண்ணாச்சி ஒருவர்தான். காலண்டர் அச்சகத்தில் கலர் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். நிறம் துளி மாறினாலும் மிஷினையே நிறுத்திவிடுவாராம். நிறுத்த மிஷின் இல்லாமல் போனதும் எங்கள் தெருச் செடிகள் மேல் பாய்ந்தார்.

வெயிலுக்குப் பேர்போன ஊரில் வெயிலே விழாத சந்து என் வீட்டுப் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கே எதை வைத்தாலும் செத்தது. அண்ணாச்சிதான் ஒரு நந்தியாவட்டைக் குச்சியை ஊன்றினார். பச்சை இலையில் வெள்ளைக் கரை ஓடும் ரகம். நிழலிலும் வருஷம் பூராவும் இலையோடு நின்றது. நான் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

அதில் அவ்வப்போது கரையே இல்லாமல் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். இருப்பதிலேயே செழிப்பானது அதுதான். கேட் சத்தம் கேட்டு நான் வருவதற்குள் அது தரையில் கிடக்கும்.

"அண்ணாச்சி, நல்லா வாரதப் போயி வெட்டுதீகளே?"

"விட்டா வெள்ளையப் பூராம் அமுக்கிரும்லே. பெறகு ஊருல இருக்க செடிதான் இதுவும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"ஒங்கிட்ட என்னத்தக் கேக்க? வச்சது யாரு?"

கேட்டைப் பூட்டினேன். சுவருக்கு மேலே கையை நீட்டி வெட்டினார். என்ன அநியாயம் இது!

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, வெள்ளைக் கரைக் கிளைகள் எல்லாம் தரையில் கிடந்தன. பச்சை மட்டும் நின்றது. ரத்தம் கொதிக்க ஓடினேன். அண்ணாச்சி அந்தப் பச்சையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இப்பதாம்லே சுத்தமா இருக்கு."

அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். புரை மூடியிருந்தது. நிறம் பார்த்தே பிழைத்த மனிதர், யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஆமா அண்ணாச்சி, நல்லா இருக்கு" என்றேன்.

அவர் மகளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தாள். அவர் திரும்புவதற்குள் பழைய செடியைப் பிடுங்கிவிட்டு, எதிர்வீட்டில் கெஞ்சி, அண்ணாச்சி கொடுத்த குச்சியில் வந்த இன்னொரு வெள்ளைக் கரைச் செடியை வாங்கி அதே இடத்தில் நட்டேன்.

கறுப்புக் கண்ணாடியோடு வந்தவர் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார்.

"ஏலே, இம்புட்டுப் பச்சைய வளர விட்டிருக்க. ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

கத்தரிக்கோலை நீட்டினேன். அந்தப் பச்சைக் கிளையை அவருக்காகத்தான் வெட்டாமல் வைத்திருந்தேன்.