மாமியார் அதிர்வது குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் அத்தையின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் பேசியிருக்கலாம். பேசினால் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது. வீட்டு மாப்பிள்ளையை அப்படியெல்லாம் பேசக்கூடாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் இருக்கும் அத்தனை இயந்திரங்களின் முதுகிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சாரை உங்கள் கம்பெனி ஒட்டிவிட்டுப் போனது. அது இயந்திரத்தின் நடுக்கத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருக்குமாம், கோளாறு வருவதற்கு முன்பே பராமரிப்பு ஃபோர்மேனான என் போனுக்குச் செய்தி அனுப்புமாம். “இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம் மாமா” என்றீர்கள். இருந்தேனா? முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு எழுந்து ஓடினேன், பார்த்தால் பக்கத்தில் சாமான் தூக்கும் வண்டி போனதற்குத் தண்ணீர் பம்ப் நடுங்கியிருக்கிறது. பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது கூப்பிட்டது, வாயில் பஞ்சோடு ஓடினேன், பார்த்தால் எங்கள் ஃபிட்டர் பாய்லர் மோட்டார்மேல் சாய்ந்துகொண்டு பெண்டாட்டியிடம் போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். மனுஷன் சிரித்தால் மிஷின் நடுங்கியதாக நினைத்துக்கொள்ளும் அந்தத் தீப்பெட்டியை என்னவென்று சொல்வது? வந்த ஆத்திரத்தையெல்லாம் ஃபிட்டர்மேல் காட்டினேன். அவர் இன்னும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைகிறார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பெயர் விஷயம் இருக்கிறதே, அதை மன்னிக்கவே முடியாது. ஒட்ட வந்த அன்று ஒவ்வொரு இயந்திரத்துக்கும் என்ன பெயர் என்று கேட்டீர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் எண் பெரிதாகப் பெயின்டில் எழுதியிருக்கிறது, அதைப் போட்டுத் தொலைத்திருக்கலாம். நீங்கள் ஃபிட்டரைக் கேட்டீர்கள், அவர் எங்கள் பட்டறையில் புழங்கும் பட்டப்பெயர்களைச் சொன்னார், நீங்களும் அப்படியே ஏற்றிவிட்டீர்கள். பாய்லர் மோட்டார் குண்டன். சத்தமே போடாத பம்ப் ஊமை. நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் காற்று கம்ப்ரசர் மாமியார்.

போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த போனில் செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் ‘மாப்பிள்ளை கம்பெனி’. அப்படித்தான் நான் சேமித்து வைத்திருந்தேன். உங்கள் அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள்: ‘மாமியார் அளவுக்கு மீறி அதிர்கிறது. உடனே கவனிக்கவும்.’ நான் துண்டோடு வெளியே வருவதற்குள் அடுத்தது: ‘மாமியார் சூடேறுகிறது. நிறுத்திவைப்பது நல்லது.’

“அதிர்கிறதாமே, அதிர்கிறது! நான் என்ன அதுவா இதுவா? அதிர்கிறார்னு போடக்கூடவா கை வரல உங்க மாப்பிள்ளைக்கு?”

நடந்ததை அன்றே உங்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். நீங்கள் பெயரை மாற்றுவீர்கள் என்று பார்த்தால், மரியாதையை மாற்றினீர்கள்! மறுநாள் காலை அவள் கையிலேயே போன் அலறியது: ‘மாமியார் அவர்கள் மிகவும் சூடாக இருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றவும்.’

அது கம்ப்ரசர் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். “கம்ப்ரசருக்கு ஏன் மாமியார்னு பேரு?” என்றாள். “எப்பப் பார்த்தாலும் கத்திக்கிட்டே இருக்கும்ல” என்று வாய் தவறி வந்துவிட்டது. அவ்வளவுதான். அடுத்த வாரம் நீங்கள் இருவரும் வருகிறீர்களே, “எம்பொண்ணு உள்ள வரட்டும். அவரு வாசல்லயே நின்னு அதிரட்டும்” என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். மகள் கூப்பிட்டால்கூட எடுப்பதில்லை. இருப்பது ஒரே மகள். பிள்ளைகள் ஆசையாக வந்து நிற்கும்போது கதவைத் திறக்காத வீட்டில் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? வயிறு எரிகிறது மாப்பிள்ளை.

ஆகவே நீங்கள் வந்து கழற்றும்வரை காத்திருக்கப்போவதில்லை. இன்று வேலைக்குப் போனதும் ஸ்பேனரை வைத்து முதலில் மாமியார் முதுகில் இருப்பதைப் பெயர்த்தெடுக்கப்போகிறேன். அப்புறம் குண்டன், அப்புறம் ஊமை. உங்கள் கம்பெனிக்காரர்கள் கூடையோடு வந்து பொறுக்கிக்கொண்டு போகட்டும்.

நீங்களும் மகளும் ஒரு குறையுமின்றி, முக்கியமாக ஒரு நடுக்கமுமின்றி, நெடுங்காலம் வாழ என் ஆசிகள். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மேலே எழுதியதைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
கோபம் துளியும் தணியாத
மாமனார்

பி.கு.: கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். சென்சாரைப் பெயர்ப்பதற்காகக் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னேன். அது நின்ற சத்தமே சரியில்லை. இதுவும் வெறும் கூப்பாடு என்று இத்தனை நாளும் நான் போய்ப் பார்க்காமலே விட்டிருந்தேன். திறந்து பார்த்தோம், உள்ளே பேரிங் நொறுங்கிக் கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் சிதறியிருக்கும், ஃபிட்டர் எப்போதும் நிற்பது அதன் பக்கத்தில்தான். வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“மாமியார் கத்தினா ஏதாவது காரணம் இருக்கும்னு கவனிச்சுக் கேக்கறதுக்கு ஒரு மிஷினே செஞ்சிருக்காரு அந்தப் பிள்ளை. நான் கத்துறேனே, என்னன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?” என்றாள். உடனே மகளுக்குப் போன் போட்டாள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே எதையும் கழற்ற வேண்டாம், பெயரையும் மாற்ற வேண்டாம். கஷ்டப்பட்டு எழுதியதை வீணாக்க மனமில்லாமல்தான் இதை அனுப்புகிறேன். சீக்கிரம் வந்து சேருங்கள் மாப்பிள்ளை. உங்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. என்னிடம்தான் இங்கே யாரும் பேசுவதில்லை.