தட்டு டாக்டர் சொன்ன நல்ல செய்தி

பினாங்குத் தீவில் தட்டு டாக்டர் விரலால் தட்டிப் பார்க்காத பொருள் எதுவும் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் பார்ப்பவர். இடது கை நடுவிரலைப் பதித்து, வலது கை விரலால் அதன்மேல் டொக் டொக் என்று தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். மேசை, தண்ணீர்த் தொட்டி, அடுத்தவர் வீட்டுச் சுவர் எல்லாமே அவருக்கு நோயாளிகள்தாம். பாசாரில் டுரியான் பழத்தை இப்படிப் பரிசோதித்தபோது வியாபாரி, "வாங்கறதா இருந்தா வாங்குங்க லா டாக்டர், அதுக்குக் காய்ச்சல் இல்ல" என்றான்.

எண்பதுகளில் நான் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரி ஏறி, பீச் ஸ்ட்ரீட்டில் குமாஸ்தா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு காலை ஃபெரியில் விடாமல் இருமினேன். பின்னால் நின்ற தட்டு டாக்டர், அனுமதி எதுவும் கேட்காமல் என் முதுகைத் தட்டத் தொடங்கினார். மேலிருந்து இறங்கி வந்த விரல் வலது விலாவில் நின்றது.

"இதில தண்ணி நிக்குது" என்றார் சத்தமாக.

சுற்றி இருந்தவர்கள் ஃபெரியின் தரையைப் பார்த்தார்கள். ஓர் அக்கா உயிர்காப்பு அங்கியை எடுத்தே விட்டார்.

செய்தி எனக்கு முன்பாக வீடு போய்ச் சேர்ந்தது. ஃபெரியில் வந்த ஒருவர் என் மனைவியிடம், "அண்ணனுக்குத் தண்ணியாம், டாக்டரே சொல்லிட்டாரு" என்று வத்தி வைத்திருந்தார். "எத்தன நாளா குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதை எக்ஸ்ரே காட்டிய பிறகுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு கிடைத்தது.

இப்போதெல்லாம் தொண்டை வழியாக ஸ்கேன் குழாயை இறக்கி, திரையில் பார்த்தபடியே ஊசியால் மாதிரி எடுக்கிறார்களாம். அன்று தட்டு டாக்டருக்கு விரல்தான் திரை. தட்டினார், பேனாவால் குறியிட்டார், மரத்துப்போக மருந்து போட்டார், நீரெடுக்கும் ஊசியைக் கையில் எடுத்தார்.

"அசையாதேயும் தம்பி. இருமினீரெண்டா ஊசி என்ர சொல் கேக்காது."

வந்த நீர், பால் விடாத தே ஓ தேநீரின் வெளிறிய நிறத்தில் இருந்தது. சோதித்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை.

"புத்துநோயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியேல்லை. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல மாட்டன்."

கொக்கி வைத்த வேறோர் ஊசியால் நெஞ்சின் உள்ளுறையிலிருந்து அரிசி நொய் அளவு சதை எடுத்து அனுப்பினார். முடிவு வரும்வரை செத்துச் செத்துப் பிழைத்தேன். மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடக் கதை சொல்ல வந்து உட்கார்ந்தாலே நான் எழுந்து குளியலறைக்குப் போய்விடுவேன்.

ஒரு மத்தியானம் டாக்டர் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சந்தோஷமான விசயம் தம்பி. உமக்கு டிபி."

மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மருந்தை ஒழுங்கா எடுத்தா மாறிடும். புத்துநோய் இல்லை" என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் எல்லோர் முன்னிலையிலும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்று வீட்டில் கேசரி. என்ன விசேஷம் என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் என் மனைவி, "எங்க வீட்டுக்காரருக்கு டிபி லா, அக்கா" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

எங்கள் ஆபீஸில் டெலிபோன் இருந்தது. எண்ணும் அவருக்குத் தெரியும். இருந்தும் இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று படியேறி வந்த அந்த மனிதரை நினைத்தால், இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.