நான் திறந்து வைக்கப்பட்ட நாள்

சேவை செய்தே தீரவேண்டும் என்ற துடிப்பில் சேவைச் சங்கத்தில் சேர்ந்தவர்கள் எங்காவது இருக்கலாம். நான் பார்த்ததில்லை. நான் சேர்ந்தது என் மேனேஜர் சேரச் சொன்னதால்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் நடராஜன் சிபாரிசு செய்தால்தான் ஆகும். அவரே ஊரிலிருந்த ‘அன்புக்கரம் சேவைச் சங்க’த்தின் தலைவராகவும் இருந்தார். ஒரு நாள் என் மேஜை அருகே வந்து நின்று, “பாஸ்கர், உனக்கு சமூக சேவையில ஆர்வம் உண்டா?” என்று கேட்டார். அந்த நிமிடமே எனக்குச் சமூக சேவையில் அடங்காத ஆர்வம் வந்துவிட்டது.

அதுவரை சங்கம் செய்திருந்த பெரிய சேவை, ஏரிக்கரையில் மரக்கன்றுகள் நட்டது. மறுநாளே ஆடுகள் வந்து அத்தனையையும் தின்றுவிட்டுப் போயின. (ஆடுகளின் தரப்பிலிருந்து பார்த்தால் அது மிகச் சிறந்த அன்னதானம்.) அடுத்ததாக, சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய்ப் பல்பொடி வழங்கினோம். தலைவர் பல்லின் அருமை பற்றிப் பேசி முடித்ததும், கூட்டத்திலிருந்து அஞ்சலை என்ற பெண்மணி எழுந்தார். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வியாபாரத்துக்குப் போய் வருகிறவர். கடற்காற்றையும் மீறிக் கேட்கும் குரல்.

“பல்லு நல்லாத்தான் கீது சார். பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸு கட்டிக் குடு. விடியறதுக்கு மின்ன போயாவணும், இல்லாட்டி இருட்டற வரைக்கும் அடக்கிகினு குந்தியிருக்கணும். இதுல பல்லு வெளக்கி யாருகிட்ட சிரிக்கறது?”

அந்தக் கேள்வி தலைவரைத் தைத்துவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். கட்டியே தீருவது என்று அந்த வாரமே முடிவானது. கட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பெயர் வைப்பதில்தான் கஷ்டம். ‘கக்கூஸ்’ என்று அழைப்பிதழில் அச்சடிக்க முடியாது என்று தலைவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். மூன்று கூட்டமும் ஏராளமான போண்டாவும் செலவழிந்த பிறகு ‘சுகாதார மணிமண்டபம்’ என்று முடிவாயிற்று.

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் மணிமண்டபம் எழும்பியது. இடப்பக்கம் ஆண்களுக்கு, வலப்பக்கம் பெண்களுக்கு. நடுவில் கூரை வரை சுவர். ஒவ்வொரு பக்கத்திலும் தண்ணீருக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. கதவுகள் மட்டும் கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாத தரத்தில் இருந்தன. சங்கத்தின் பொருளாளர் சுந்தரேசன், மருந்துக்கடைக்காரர், எங்கோ இடித்த பழைய கிடங்கிலிருந்து தேக்குக் கதவுகளை மலிவாக வாங்கி வந்திருந்தார். “யானை முட்டினாலும் அசையாது” என்று தட்டித் தட்டிக் காட்டுவார். குப்பத்தில் யானை கிடையாது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பாஸ்கர், நன்றியுரை நீதான் சொல்றே. மெட்ராஸ்லேருந்து நம்ம சங்கத்தோட மண்டலத் தலைவர் திறந்துவைக்க வர்றார். நல்லா பேசு. இன்னொரு விஷயம். சிங்கப்பெருமாள் கோயில்ல ஒரு ஹெட்மாஸ்டர், எங்கூடப் படிச்சவர். பொண்ணுக்கு வரன் பாக்கறார். வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டுப் பாடச் சொல்றதெல்லாம் அந்தப் பொண்ணுக்குப் பிடிக்காதாம். அதனால குடும்பத்தோட விழாவுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீ மேடையில பேசறதப் பார்க்கட்டும்.”

வேலை, கல்யாணம் இரண்டையும் ஒரே நன்றியுரையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார் மனிதர்.

எனக்கு மேடை என்றாலே வயிறு பேச ஆரம்பித்துவிடும். (வாய் பேசாது.) ஆனாலும் உரையை மனப்பாடம் செய்தேன். கடலலை, கலங்கரை விளக்கம், கைம்மாறு கருதாத கார்மேகம் எல்லாம் அதில் இருந்தன. வெளிர்மஞ்சள் டெரிலின் சட்டையும் யானைக்கால் பேண்ட்டும் தைத்துக்கொண்டேன். அந்த பேண்ட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம்.

விழா நாள். ஞாயிற்றுக்கிழமை. மணலில் பந்தல், பலகை மேடை. திருக்கழுக்குன்றத்திலிருந்து மைக் செட் வந்திருந்தது. ஒரு குழாய் ஸ்பீக்கரைச் சவுக்கு மரத்தில் கட்டினார்கள். இன்னொன்றை மணிமண்டபத்தின் கூரைமேல், பெண்கள் பக்கத்துக்கு நேர் மேலே கட்டினார்கள். மண்டலத் தலைவர் மாமல்லபுரத்தில் இறங்கிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வருவதாகத் தகவல். சிற்பங்கள் நிறைய இருந்ததால் தாமதமானது. தாமதம் ஆக ஆக என் வயிறு நன்றியுரையைத் தொடங்கிவிட்டது.

சுற்றிலும் பார்த்தேன். கடற்கரை முழுக்கப் பட்டுச்சேலை. சவுக்குத் தோப்பு முழுக்கப் பிள்ளைகள். ஒதுங்குவதற்கு அந்த வட்டாரத்திலேயே ஓரிடம்தான் இருந்தது. அதை நாங்களே கட்டியிருந்தோம். ஆண்கள் பக்கத்தில், கடைசி நேரத்தில் அப்புறப்படுத்தவிருந்த சுண்ணாம்பு வாளிகளும் சாரப் பலகைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. பெண்கள் பக்கம் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. திறந்த பூட்டு ஒன்று வெளியே நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

நிம்மதியாக எழுந்து, கால் கழுவி, தலையைச் சீவிக்கொண்டிருந்தபோது வெளியே சுந்தரேசனின் குரல் கேட்டது. “பூட்டைத் தொங்கவிட்டுட்டுப் போயிருக்கானுங்க பாரு. ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கா?”

‘டக்’ என்று ஒரு சத்தம்.

“சார்!” என்று கத்தினேன். அதே நேரத்தில் மைக் செட்காரர் பாட்டுத் தட்டைப் போட்டார். ஸ்பீக்கர் என் தலைக்கு மேல் அலறியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவை இரண்டு கைகளாலும் குத்தினேன். யானைக்கே அசையாத கதவு, வங்கிக் குமாஸ்தாவுக்கா அசையும்?

பாட்டு நின்றது. கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். “வாங்க, வாங்க” என்ற குரல்கள். இப்போது கத்தினால் எல்லோருக்கும் கேட்கும். அதுதான் பிரச்சினை. ‘நான் கக்கூஸில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்ற செய்தியை, பெண் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, கண்ணியமாகக் கத்துவது எப்படி என்று யோசித்தேன். வழி தெரியவில்லை.

பிறகு மூளை வேலை செய்தது. நிகழ்ச்சி நிரல்படி மண்டலத் தலைவர் ஆண்கள் பக்கத்தைத்தான் திறக்கப்போகிறார். போட்டோவுக்கு ஒரு கதவு போதும். எல்லோரும் அந்தப் பக்கம் கூடியிருக்கும்போது, இந்தப் பக்கம் மெதுவாகத் தட்டினால் யாராவது வந்து திறப்பார்கள். நழுவிப் போய் மேடையேறிவிடலாம். அதுவரை மூச்சு விடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். (என் வாழ்க்கையில் நான் புத்திசாலித்தனமாக எடுத்த முடிவுகள் எல்லாமே இந்த ரகம்தான்.)

விழாவின் அத்தனை பேச்சையும் என்னைவிடத் தெளிவாகக் கேட்டவர் யாரும் இருக்க முடியாது. மேனேஜர் வரவேற்றார். “நன்றியுரை ஆற்றவிருக்கும் எங்கள் செயல்வீரர் பாஸ்கரன், இதோ இந்த நேரத்திலும் விழாவின் வெற்றிக்காக எங்கோ மறைவாக உழைத்துக்கொண்டிருக்கிறார்” என்றார். கைதட்டல்.

அந்தக் கைதட்டலில் ஒரு ஆசை வந்தது. பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும். உச்சியில் சிறிய காற்றுத்துளை ஒன்று இருந்தது. தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு கண்டிப்பான முகத்துடன் ஒருவர். ஹெட்மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் நீலப் புடவையில் ஒரு பெண், கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். அழகாகக் கொட்டாவி விட்டாள். இன்னும் சரியாகப் பார்க்கலாமே என்று எம்பினேன். யானைக்கால் பேண்ட்டின் நுனி ஒரு காலுக்கடியில் சிக்கியது. முதுகு சுண்ணாம்புச் சுவரில் உராய, நேராகத் தொட்டிக்குள் போய் விழுந்தேன்.

பெரிய சத்தம். மேடையில் பேசிக்கொண்டிருந்த மண்டலத் தலைவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, “பாருங்கள், நம் சேவையைப் பாராட்டிக் கடலலைகளும் கைதட்டுகின்றன” என்றார். மறுபடியும் கைதட்டல்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்து வந்தார்கள். காலடிகள் இடப்பக்கம் போயின. என் கணக்கு சரியாகவே இருந்தது. அப்போதுதான் கடற்காற்றையும் மீறும் அந்தக் குரல் கேட்டது.

“இன்னா சார், அந்தாண்ட போய்கினு கீறீங்க?”

“நிகழ்ச்சி நிரல்படி முதல்ல ஆண்கள் பகுதிம்மா” என்றார் மேனேஜர்.

“நிரலாவது கிரலாவது! கக்கூஸு ஓணும்னு கேட்டது நாங்க. கொடத்துல தண்ணி தூக்கியாந்து தொட்டி ரொப்பினது நாங்க. ஆம்பளைங்க இன்னா பண்ணாங்க, பந்தல்ல குந்திகினு பீடி வலிச்சாங்க. எங்க கதவத்தான் மொதல்ல தொறக்கணும்.”

பெண்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். மண்டலத் தலைவர் நெகிழ்ந்துவிட்டார். “நியாயமான கோரிக்கை! பெண்களுக்கே முதலிடம்!” காலடிகள் வலப்பக்கம் திரும்பின.

ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. சொட்டச் சொட்ட நின்றிருந்தேன். எப்படியும் பார்க்கப்போகிறார்கள், மரியாதையாகவாவது நிற்போம் என்று இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டேன். சாவி திரும்பியது. கதவு திறந்தது. போட்டோக்காரரின் பல்பு பளிச்சென்று அடித்தது.

மண்டலத் தலைவர் ஓரடி பின்வாங்கி மேனேஜரின் காலை மிதித்தார். சுந்தரேசன் என்னையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையான கடலலை ஒன்று வந்து போனது.

“அடப்பாவி!” என்றார் அஞ்சலை. “மொத போணி நீயா?”

குப்பமே சிரித்தது. மேனேஜருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கையில் மைக் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் அடுத்து என்ன என்பது ஒன்றுதான் அவருக்கு நினைவிருந்தது போலும். “அடுத்ததாக… நன்றியுரை… திரு பாஸ்கரன்” என்று சொல்லி மைக்கை என்னிடம் நீட்டினார்.

முதுகில் சுண்ணாம்பும் தலையில் தண்ணீருமாக நின்றேன். கார்மேகம், கலங்கரை விளக்கம் எல்லாம் தொட்டியிலேயே கரைந்துவிட்டிருந்தன. நீலப் புடவை நேர் எதிரே நின்றது. மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

“இந்தக் கதவைத் திறந்துவைத்த மண்டலத் தலைவர் அவர்களுக்கு என் உளமார்ந்த நன்றி. இந்தப் பக்கக் கதவைத்தான் திறக்க வேண்டும் என்று வற்புறுத்திய அஞ்சலை அம்மாவுக்கும் நன்றி. உள்ளே எல்லா வசதியும் நன்றாக இருக்கிறது. தொட்டியில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் குறைந்துவிட்டது. மன்னிக்கவும். வணக்கம்.”

ஹெட்மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். மேனேஜர் என்னைக் காரில் ஏற்றவில்லை. மீன் கூடைகளுக்கு நடுவே பஸ்ஸில் ஊர் திரும்பினேன். நான் ஈரமாக இருந்ததால் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வேலையும் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று அறைக்கு வந்து கவிழ்ந்து படுத்தவன்தான். காய்ச்சல் வந்துவிட்டது.

காய்ச்சல் விட்டு வங்கிக்குப் போனபோது ஹெட்மாஸ்டர் மேனேஜரின் அறையில் உட்கார்ந்திருந்தார். புகார் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சோகமான குரலில் சொன்னார்:

“தம்பி, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வசந்தா கேக்க மாட்டேங்குது. ‘மத்த மாப்பிள்ளைங்க லட்சணமெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தாம்பா தெரியும். இவர்கிட்ட இனிமே தெரிஞ்சிக்க ஒண்ணுமே இல்ல. இவரையே பண்ணிக்கறேன்’னு சொல்லிடுச்சு.”

நண்பரின் மாப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்பதால் மேனேஜரும் சிபாரிசு செய்துவிட்டார்.

கல்யாணத்துக்கு அஞ்சலை குப்பத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். பந்தியில் உட்கார்ந்து, “எங்க குப்பத்துப் பொம்பளைங்க தெனம் விடிஞ்சா பாஸ்கரு வூட்டுக்குத்தான் போறோம்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். மணிமண்டபத்துக்குக் குப்பத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது என்பதை வசந்தாதான் சிரித்துக்கொண்டே அவருக்கு விளக்கினாள். பெரியம்மா கேட்டுவிட்டுப் பாயசத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு வழக்கம் உண்டு. குளியலறையிலிருந்து யார் தாமதமாக வெளியே வந்தாலும் மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். என் மகளுக்குக் கல்யாணமான புதிதில் மருமகன் முதல்முறை விருந்துக்கு வந்திருந்தார். பாவம், சென்னையிலிருந்து வந்த அலுப்பு. உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. கதவைத் திறந்ததும் வசந்தா உட்பட மொத்தக் குடும்பமும் கைதட்டியது. அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பி, “ரொம்ப நன்றி” என்றார்.

நல்ல இடத்தில்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் வசந்தாவுக்கு நிம்மதி வந்தது.