எட்டு நிமிஷச் சலுகை

இந்த வருஷம் கோப்பையை வாங்கியே தீருவது என்று வாட்ச்காரர் முடிவு செய்துவிட்டார். பதினோரு வருஷமாக ஒவ்வொரு சீசனிலும் இதே முடிவைத்தான் செய்கிறார். ஆனால் அதெல்லாம் உழைத்து ஜெயிக்கலாம் என்று நம்பிய அறியாப் பருவம். இந்தத் தடவை மூளையைப் பயன்படுத்தியிருந்தார்.

அவருக்குக் கடைத்தெருவில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை. ஞாயிற்றுக்கிழமையானால் ஏரிக்கரைப் பாய்மரப் படகு கிளப். அந்த கிளப்பில் ஒரு படகைப் போல இன்னொன்று இருக்காது. சிட்டாய்ப் பறக்கும் படகும் உண்டு. வாட்ச்காரருடையதைப் போல, யோசித்து யோசித்து நகரும் படகும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பந்தயத்தில் விட்டால் நியாயமா? அதற்காகத்தான் ஹேண்டிகேப். மெதுவான படகுக்கு இத்தனை நிமிஷம் என்று சலுகை. ஓடிய நேரத்திலிருந்து அதைக் கழித்த பிறகுதான் யார் ஜெயித்தது என்று பார்ப்பார்கள். கடைசியாக வந்த படகுக்கு அடுத்த பந்தயத்தில் ஒரு நிமிஷம் கூட்டிக் கொடுப்பார்கள். நேர சம்பந்தமான விஷயம் என்பதால் அந்த நோட்டை எழுதும் பொறுப்பு வாட்ச்காரரிடமே இருந்தது.

இந்த சீசனில் ஆறு பந்தயத்திலும் அவர்தான் கடைசி. வேண்டுமென்றே கடைசி. படகின் பின்னால், தண்ணீருக்கு அடியில், வீட்டுப் பச்சை வாளியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே போனார். கூட வரும் பல் டாக்டருக்கே அது தெரியாது. அந்த அப்பாவி ஒவ்வொரு வாரமும் காற்றைத் திட்டினார். இரண்டு நிமிஷமாக இருந்த சலுகை எட்டாக ஏறிவிட்டது. கடைசிப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்குத்தான் கோப்பை. அந்தப் பந்தயம் இன்று இரண்டு மணிக்கு. கிளம்பும்போது கயிற்றை அவிழ்த்துவிட்டால் போதும், எவனாலும் பிடிக்க முடியாது.

ஒரே ஒரு தடங்கல். அது முன் அறையில் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றது. அவர் மனைவி டவுன் பஸ் டிரைவர். முட்டுச் சந்தில் நாற்பது அடி வண்டியை ஒரே ஒடிப்பில் திருப்புகிறவர்.

"என்னங்க, பெயின்ட் அடிக்க நாளைக்குக் காலைல ஆள் வராங்க. முன் அறை எனக்கு, சமையலறை உங்களுக்கு. எல்லாத்தையும் பெட்டியில கட்டி வைக்கணும். போன மாசமே சரின்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தார். 'சரி' என்பது பேப்பர் படிக்கும்போது அவர் மூக்கிலிருந்து வரும் ஒரு சத்தம். அதைப் போய் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

மணி பன்னிரண்டு. கிளப் நோட்டு கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் பிரமாதமான யோசனை ஒன்று உதித்தது.

"ஆளுக்குப் பாதிங்கறது நியாயமே இல்லம்மா. நீ வேகமானவ. நான் மெதுவா வேலை செய்யறவன். எங்க கிளப்புல இதுக்குத்தான் ஹேண்டிகேப்னு ஒண்ணு வச்சிருக்கோம்."

"அப்படின்னா என்னங்க?"

பதினோரு வருஷத்தில் டிரைவரம்மா இப்படிக் கேட்டதே இல்லை. வாட்ச்காரர் பூரித்துப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மெதுவான படகுக்குச் சலுகை உண்டும்மா. நம்ம படகுக்கு எட்டு நிமிஷம். கிளப்புலயே ஜாஸ்தி!"

"அந்தச் சலுகை படகுக்கா, ஓட்டறவங்களுக்கா?"

"படகுக்குத்தான். யார் உக்காந்து ஓட்டினாலும் எட்டுதான்."

"அப்ப நம்ம வீட்டுல நீங்கதான் மெதுவான படகு."

"சந்தேகமா? ஒரு பல்பு மாத்த ஒரு மணி நேரம் எடுத்தேனே, மறந்துட்டியா?"

"மறப்பேனா? அதுலயும் ஃப்யூஸ் போன பல்பையே திரும்ப மாட்டினீங்க."

"பாத்தியா!" தன் கையாலாகாத்தனத்துக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் துள்ளினார் வாட்ச்காரர். "நீ ஒரு மணி நேரத்துல முடிக்கறதுக்கு எனக்கு மூணு மணி நேரம் ஆகும். எழுதிக்கோ."

டிரைவரம்மா நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். "ஒரு சந்தேகம். மெதுவான படகு பாதி வழியிலயே திரும்பிடலாமா?"

"சேச்சே! தூரம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எல்லா மிதவையையும் சுத்தி வந்தே ஆகணும். பாதியில திரும்பினா பேரையே அடிச்சிடுவாங்க."

"சலுகை?"

"நேரத்துல மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது வாட்ச்காரர் காதிலேயே விழுந்தது.

"ரொம்ப நியாயமா இருக்குங்க," என்றார் டிரைவரம்மா. "சமையலறை முழுசும் உங்களுக்குத்தான். ஆனா பறக்க வேணாம். மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"ரெண்டு மணிக்குப் பந்தயம்மா! டாக்டர் காத்துட்டு இருப்பார்!"

"நான் போறேன். என் வேலை ஒரு மணிக்கே முடிஞ்சிடும். யார் ஓட்டினாலும் எட்டுதானே?"

"உனக்கு எங்க படகு ஓட்டத் தெரியும்?"

"என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனை வருஷம் கேட்டேன்? படகு வெயிட்டு தாங்காதுன்னீங்க. புதன்கிழமை எனக்கு லீவு. அன்னிக்கு உங்க கிளப்புல பொம்பளைங்களுக்கு வகுப்பு நடக்குது. எட்டு மாசமா போறேன்." நோட்டை மூடிவிட்டுச் சொன்னார். "புதன்கிழமை எங்க போறேன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கல."

வாட்ச்காரர் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.

சரியாக ஒரு மணிக்கு ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று. ஒன்றேகாலுக்கு, பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த தட்டு அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. வாளி! வாளி இன்னும் படகிலேயே கட்டியிருக்கிறது! போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கோப்பை போகும். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டி பானைகள் மேல் பாய்ந்தார். டப்பா, கரண்டி, தட்டு, தம்ளர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். இரண்டு பத்துக்குச் சமையலறை காலி. வெறும் அலமாரிக்கு எதிரில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். ஏரிக்குக் குறுக்கே வாளியை இழுத்துக்கொண்டு தவிக்கும் மனைவியை நினைத்துப் பார்த்தார். புதன்கிழமைகளும் ஞாபகத்துக்கு வந்தன. தன்னை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஐந்து மணிக்கு டிரைவரம்மா வந்தார். தலையெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு. கையில் பச்சை வாளி. வாளிக்குள் கோப்பை.

"ஜெ... ஜெயிச்சியா?"

"சலுகையைக் கழிக்கறதுக்கு முன்னாடியே நான்தான் முதல். உங்க எட்டு நிமிஷம் தேவைப்படல."

"அந்த வாளி..."

"கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். டாக்டர் திரும்பறதுக்குள்ள அவுத்து உள்ள போட்டுட்டேன், பயப்படாதீங்க. ஆனா பக்கத்து வீட்டம்மாகிட்ட நீங்கதான் மன்னிப்புக் கேக்கணும். இதை அவங்கதான் எடுத்துட்டாங்கன்னு ஒன்றரை மாசமா அவங்களோட நான் பேசறதில்ல."

வாட்ச்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லா இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. பாய் நிறையக் காத்து வாங்கி, படகு ஒரு பக்கமா சாயும்போது, இதுக்குத்தான் நீங்க ஞாயித்துக்கிழமை ஆனா ஓடறீங்கன்னு புரிஞ்சுது. என்னை முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

"தப்புதாம்மா. என் தப்புதான்."

டிரைவரம்மா சமையலறையை எட்டிப் பார்த்தார். "அட, எல்லாம் முடிஞ்சிருக்கே! எத்தனை மணிக்கு முடிச்சீங்க?"

"ரெண்டு பத்து!"

டிரைவரம்மா நோட்டைத் திறந்து கணக்குப் போட்டார். "ரெண்டு மணி பத்து நிமிஷம். மூணுல ஒரு பங்கு, நாப்பத்து மூணு நிமிஷம். எனக்கு முழுசா ஒரு மணி நேரம். வீட்டுப் பந்தயத்துல நீங்கதாங்க முதல்!"

முதலா? பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. வாட்ச்காரருக்கு வாயெல்லாம் பல். மனைவி கை கொடுத்தார். இவரும் கூச்சத்தோடு கை குலுக்கினார். கையை விட்டதும் டிரைவரம்மா பேனாவை எடுத்து நோட்டில் எதையோ அடித்தார்.

"என்னம்மா அடிக்கறே?"

"உங்க சலுகையைத்தான். பெயின்ட் காஞ்சதும் அடுத்த ஞாயிறு எல்லாத்தையும் திரும்ப அடுக்கணும்ல? இனிமே உங்களுக்கும் எனக்கும் ஒரே நேரம்தான். படகுல ஆறு வாரம்தான் வாளியைக் கட்டியிருக்கீங்க. வீட்டுல கட்டினதை நான் பதினோரு வருஷமா கவனிக்காம இருந்துட்டேன் பாருங்க!"