இத்தாலி அக்காவின் கீரை டோர்த்தா

இத்தாலி என்கிற தேசத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் யாங்கூன் லான்மடா பேட்டையில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் இத்தாலியைவிட அது ஆபத்தான இடமாக இருக்க முடியாது என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருடைய உண்மைப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தமிழர்களுக்கு இத்தாலி அக்கா, பர்மியர்களுக்கு டோ இத்தாலி. சின்ன வயதில் யாங்கூனில் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்குச் சமைக்கப் போனவரை, அந்தக் குடும்பம் இத்தாலிக்குத் திரும்பும்போது கூடவே கூட்டிக்கொண்டு போய், ஒரு மலைக் கிராமத்தில் தனியாக இருந்த வயதான தாயாரைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டது. அந்த அம்மாளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பல வருஷம் அவரோடு கத்திக் கத்திப் பேசிய அக்கா, அம்மாள் காலமானதும் ஊருக்கு வந்தார். தொண்டை மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. அவர் மேல்மாடியில் "உப்பு எங்கே?" என்றால் கீழே வெற்றிலைக் கடைக்காரர் உப்பைத் தேடுவார்.

வருஷம் முழுவதும் அக்கா எங்களைப் போலத்தான் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடுவார். ஈஸ்டர் வந்தால் மட்டும் எங்கள் கட்டடம் இத்தாலியின் கிராமமாகிவிட வேண்டும். புறா வடிவத்தில் ரொட்டி சுடுவார். அது லாரியில் அடிபட்ட வாத்து மாதிரி வரும். பார்த்துவிட்டு "புறா, புறா" என்று நாங்கள் சொல்ல வேண்டும். செம்மறிக் கறிதான் வேண்டும், வெள்ளாடு ஆகாது என்று சந்தை சந்தையாகச் சண்டை போடுவார். இரண்டாம் மாடி கோ மியிண்ட் ஒரு தடவை, "டோ இத்தாலி, இந்தக் கீரையில் கொஞ்சம் ஙாப்பி போட்டால் தூக்கலாக இருக்குமே" என்று மீன் விழுதை நீட்டினார். கரண்டியோடு அக்கா அவரைத் தெருமுனைவரை துரத்தினார். அன்றிலிருந்து கோ மியிண்ட் ஈஸ்டர் வாரத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியேறுகிறார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் டோர்த்தா. கீரையும் பால்கட்டியும் கலந்து ஒரு பெரிய வட்டத் தட்டில் நிரப்பி, அதில் குழி பறித்து, குழிக்கு ஒரு முட்டையாக உடைத்து ஊற்றி, மேலே காகிதம் போல மெலிந்த மாவுத் தகடுகளை அடுக்கி மூடுவது. கீழும் மேலும் ஒரே சூடு வேண்டும், மின்சார ஓவன் இல்லாமல் நடக்காது.

இந்த வருஷம் ஈஸ்டர் காலையில் எங்கள் முறைக்கு வர வேண்டிய கரண்டு வரவில்லை. கட்டடத்து ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு அதிர்ந்தது.

"தம்பி, சட்டையப் போடு. லத்தா பேட்டைக்குப் போறோம். காதர் பாய் பேக்கரில விறகடுப்பு இருக்கு."

"வழியெல்லாம் சோதனைச் சாவடி, போக வேண்டாம்னு சொல்லுங்க" என்று என் மனைவி பர்மிய மொழியில் முணுமுணுத்தாள். யாரிடம் சொல்வது? அக்கா அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.

சைக்கா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டித்தான் உட்கார முடியும். முன்பக்கம் பார்க்கும் இருக்கையில் அக்கா. பின்பக்கம் பார்க்கும் இருக்கையில் நான். என் மடியில், கட்டம் போட்ட துணியால் இறுக்கிக் கட்டிய டோர்த்தா.

"சாய்க்காத. சாஞ்சா முட்டை ஓடிடும். மூச்சக்கூட மெதுவா விடு."

பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்ததால் சோதனைச் சாவடி வந்தது எனக்குத் தெரியாது. சைக்காக்காரர் பாடிக்கொண்டிருந்த பாட்டு நடுவில் அறுந்தது, வண்டி நின்றது. என் பக்கவாட்டில் ஒரு துப்பாக்கி முனை தெரிந்தது.

கனமான, வட்டமான, துணி சுற்றிய ஒரு பொருளை மடியில் வைத்துக்கொண்டு, அசைந்தால் ஆபத்து என்கிற முகத்தோடு ஒருவன் இந்த ஊரில் உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று அந்தக் கணத்தில்தான் எனக்கே தோன்றியது.

"என்ன அது?" என்றான் காவலன். மீசை சரியாக முளைக்காத பையன்.

"டோர்த்தா!" என்றார் அக்கா, தன் வழக்கமான அளவில். சாவடிக்குள் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"கீழே வை."

"கீழ வைக்கக் கூடாது! அசைஞ்சா உள்ள இருக்கறது உடைஞ்சிடும்!"

பையன் சட்டென்று பின்னால் நகர்ந்தான். சைக்காக்காரர் வண்டியை விட்டு மெல்ல இறங்கி, எங்களை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்பது போல எதிர்ச்சுவரை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

"அக்கா, தயவுசெஞ்சு பேசாதீங்க" என்றேன் தமிழில்.

"ஏய், என்ன மொழி அது? என்ன சொல்லிக்கொடுக்கிறாய்?"

கொஞ்சம் வயதான அதிகாரி ஒருவர் நிதானமாக வந்தார். நிதானமாக வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பயம்.

"முட்டை ஐயா. கீரையும் முட்டையும்தான்" என்றேன்.

"முட்டையை எதற்கு மாவுக்குள் மறைத்து வைத்திருக்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. அக்கா முந்திக்கொண்டார்.

"அப்படித்தான் மறைச்சு வைக்கணும். இன்னைக்கு அவர் எழுந்த நாள்."

"யார் எழுந்தது?"

"செத்துப்போனவர்!"

"யார் செத்தது? எங்கே?" அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது.

"ஈஸ்டர் ஐயா! கிறிஸ்தவங்க பண்டிகை!" என்று நான் அலறினேன். அந்த அலறலில் அக்காவே திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையனிடம் தலையசைத்தார். அவன் முடிச்சை அவிழ்த்தான். அரிசி மூட்டைகளைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியை எடுத்துத் துடைத்து, டோர்த்தாவின் நடுவில் இறக்கினான். கம்பி வெளியே வந்தபோது மாவின் மேல் மஞ்சள் கரு மெதுவாகப் பரவியது.

அக்கா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் துணியைத் திரும்பக் கட்டினார். விரல்கள் முடிச்சில் வழுக்கின. அதிகாரி போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

காதர் பாய் தட்டைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், அடுப்புக்குள் தள்ளினார். "உக்காருங்கக்கா" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அக்கா உட்கார்ந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"வேல பாத்த வீட்ல எல்லாம் கடைசிலதான் சாப்பிடுவேன் தம்பி. சமையக்கட்டுல, நின்னுக்கிட்டே. அங்க போன மொத ஈஸ்டர்ல பெரிய மேசை போட்டு, சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்துட்டாங்க. நான் செவரு ஓரமா நின்னேன். அந்தம்மா கைத்தடியால மேசைல ஓங்கி அடிச்சாங்க. நான் உக்கார்ற வரைக்கும் யாரையும் தொடவிடல. டோர்த்தாவ வெட்டி மொதத் துண்ட எனக்கு வச்சாங்க. எனக்கு உக்காந்து திங்கத் தெரியல. முட்டியே மடங்க மாட்டேங்குது." அடுப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அதான் வருஷா வருஷம் உங்க எல்லாரையும் புடிச்சு உக்கார வைக்கிறேன்."

டோர்த்தா பொன்னிறமாக வெளியே வந்தது. குத்துப்பட்ட இடத்தில் மட்டும் முட்டை வெந்து மஞ்சள் வடுவாக நின்றது.

திரும்பும்போது சாவடியில் அந்தப் பையன் எங்களை அடையாளம் கண்டு, போ போ என்று கையைக் காட்டினான். கடவுளே என்று கண்ணை மூடினேன்.

"வண்டிய நிறுத்து" என்றார் அக்கா.

இறங்கினார். பைக்குள் கையை விட்டார். கத்தியை எடுத்தார். சோதனைச் சாவடியில், பட்டப்பகலில், ஒரு முழ நீளக் கத்தியை! சைக்காக்காரர் மறுபடியும் சுவரைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்கா யாரையும் பார்க்காமல், வடு இருந்த இடத்தைச் சேர்த்து ஒரு துண்டு வெட்டிப் பையனிடம் நீட்டினார். "உள்ள என்ன இருக்குன்னு கேட்டியே. உக்காந்து தின்னு."

"டூட்டியில் உட்காரக் கூடாது ஆன்ட்டி."

"அப்ப கிடையாது."

பையன் அதிகாரியைப் பார்த்தான். அவர் தெருவின் மறுகோடியில் ஏதோ முக்கியமான விஷயம் நடப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பையன் பிளாஸ்டிக் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான். சூட்டை ஊதி ஊதித் தின்றான்.

"நன்றாக இருக்கிறது ஆன்ட்டி. கொஞ்சம் ஙாப்பி சேர்த்தால்..."

தொலைந்தான் என்று நினைத்தேன். கத்தி வேறு கையில் இருந்தது. அக்கா அவனையே பார்த்தார்.

"எந்த ஊருப்பா நீ?"

தூரத்தில் ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான். அக்கா இன்னொரு துண்டு வெட்டினார்.

மத்தியானம் அக்காவின் வீட்டில், வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் பலகைகளைச் சேர்த்துப் போட்ட மேசையில் கட்டடமே உட்கார்ந்திருந்தது. படி கூட்டும் மா கின் பரிமாற எழுந்தாள். "உக்காரு!" என்ற சத்தத்தில் அவளோடு எழுந்திருக்காதவர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். புழுக்கத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டே தின்றோம். காவலனுக்குப் போன இரண்டு துண்டுகளின் இடம் தட்டில் வாயைப் பிளந்திருந்தது.

கறி முடிந்து பழத்துக்கு வந்தபோது பார்த்தேன். மேசைத் தலைப்பில் அக்கா நாற்காலியில் சாய்ந்து, கையில் முள்கரண்டியோடு தூங்கிப்போயிருந்தார்.

அப்போது கரண்டு வந்தது. கரண்டு வந்தால் "மீ லாபீ!" என்று தெருவே கூவுவது இங்கே வழக்கம். அன்றும் எல்லா ஜன்னல்களிலிருந்தும் கூவினார்கள். எங்கள் மேசையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோ மியிண்ட் மட்டும் வெறுங்காலோடு பூனை மாதிரி எழுந்து போய், மின்விசிறியை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார்.