பூனைக்கு வெந்நீர், எனக்குப் பச்சைத் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன? நீங்கள் எல்லோரும் உங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். நான்தான் நீ பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்து கொடுத்த ஏரிக்கரை மரவீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். மேசை இல்லாமல் இல்லை. அதில் பிராணிகளுக்கான சாப்பாட்டுக் கிண்ணங்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். கையை ஊன்றினால் முழங்கை தண்ணீருக்குள் போகிறது.

போனில் நீ என்ன சொன்னாய்? "டேய், ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரே வீட்டுக்குள்ள இருந்தா எப்படிடா? நாலு நாள் எங்கேயாவது போய்ட்டு வாங்க. பூனைய விட்டுட்டு வரமாட்டேன்னு அவ சொன்னா அதையும் தூக்கிட்டுப் போங்க. செல்லப்பிராணிங்களுக்கு எல்லா வசதியும் இருக்கிற இடமா நான் பார்த்துத் தர்றேன்" என்றாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். செல்லப்பிராணிகளுக்கு இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. மனிதர்களைப் பற்றி நீயும் கேட்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது நான் அல்ல, என் மனைவி இருக்கிறாளே, இவள்தான். அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவன் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? சமையலறை டப்பாக்களை அகர வரிசைப்படி அடுக்கிக் கொடுத்தேன். சமையல் சோடாவும் சர்க்கரையும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றால் அது மொழியின் ஏற்பாடு, என் குற்றமா? அன்று பார்த்து விருந்தாளிகள் வந்தார்கள். இவள் கை பழக்கத்தில் ஒரு டப்பாவை எடுத்து டீயில் போட்டுவிட்டாள். ஒரு வாய் குடித்த விருந்தாளிகள் யாரும் இரண்டாவது வாய் குடிக்கவும் இல்லை, அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவும் இல்லை. அன்றிலிருந்து இவள் என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொல்வாள். "துரை, காபி ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லு." "துரை, மழை வர்ற மாதிரி இருக்கு, அவர் குடைய எடுக்காமப் போறார்." துரையை உனக்குத் தெரியும். சாம்பல் நிறத்தில், வீட்டுப் பத்திரமே அவன் பேரில் இருப்பது போல வாலைத் தூக்கிக்கொண்டு நடப்பானே, அவன்தான். அவன் என்னை ஒரு நாளும் மதித்ததில்லை. நான் கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பான்.

அப்படிப்பட்டவனைக் கூடையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கினோம். வாசலில் பெரிய பலகை. "செல்லங்களை அன்புடன் வரவேற்கிறோம். உடன் வருபவர்களும் தங்கலாம்." இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை, அக்கா. அப்படியானால் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள். இந்த ஏரிக்கரை முகாமின் பொறுப்பாளர் அம்மாள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு எதிரே வந்து, எங்களைத் தாண்டிக் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "வாங்க வாங்க! பயணம் எப்படி இருந்தது? ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்களா?" என்று கேட்டாள். "கொஞ்சம் இடுப்பு வலிதான்" என்றேன். அவள் நிமிர்ந்து, நான் எப்போது வந்தேன் என்பது போல என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் ஏரியைப் பார்த்த சன்னலோரம் ஒரு மெத்தை. தொட்டால் கை உள்ளே போகிறது. ஆஹா என்று உட்கார்ந்தேன். "துரை, அது உன் மெத்தைன்னு அவர்கிட்ட சொல்லு" என்றாள் இவள். எங்களுடைய கட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. கண்ணாடிச் சாடியில் எலும்பு வடிவத்தில் பிஸ்கட் இருந்தது. ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்து டீயில் தொட்டு மூன்று தின்ற பிறகுதான் இவள் பூனையைப் பார்த்து, "துரை, உனக்கு வெச்சதை அவர் முடிச்சிடுவார் போலிருக்கு" என்றாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சாடியைக் கையில் எடுத்தபோதே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது, பிஸ்கட் நன்றாகவே இருந்தது. துரையோ அந்த மெத்தையையும் தொடவில்லை, பிஸ்கட்டையும் முகரவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த தூசியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலையில் குளிக்கப் போனால் குழாயில் வருவது பனிக்கட்டியின் சித்தப்பா. பொறுப்பாளர் அம்மாளிடம் முறையிட்டேன். "வெந்நீர் இருக்கே சார், பின்னாடி பிராணிகள் குளிக்கிற இடத்துல. எப்பவும் இதமா வரும். இல்லைன்னா அதுங்களுக்குச் சளி பிடிச்சிடும் பாருங்க" என்றாள். அக்கா, மானம் பெரிதா வெந்நீர் பெரிதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ரொம்ப நேரம் இல்லை. துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வரிசை நின்றது. எனக்கு முன்னால் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தாடிக்காரர். அவர் என் துண்டையும் சோப்புப் பெட்டியையும் பார்த்துவிட்டு, "உங்க நாய் எங்க சார்?" என்று கேட்டார். "பின்னால வருது" என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. நாய் என்னை முகர்ந்தது. பிஸ்கட் வாசனை இன்னும் போகவில்லை போல, கையை நக்கவும் ஆரம்பித்தது. தாடிக்காரர் நல்ல மனிதர், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "நீங்க முதல்ல போங்க சார், இவனுக்கு நேரமாகும்" என்று வழி விட்டார்.

ஒன்று சொல்கிறேன். அந்த மாதிரி ஒரு குளியல் நான் குளித்ததே இல்லை. தலை காயச் சூடான காற்றுகூட வந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினேன். இவள் வாசற்படியில் நின்றாள். கூந்தலைக்கூட முடிந்துகொள்ளவில்லை. "கதவைத் திறந்து போட்டுட்டா போனீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நேராக, என் முகத்தைப் பார்த்து, என்னிடமே கேட்ட கேள்வி! அந்தச் சந்தோஷத்தில் அவள் என்ன கேட்டாள் என்பது மண்டைக்குள் ஏறவில்லை. சிரித்துவிட்டேன். "சிரிக்கிறீங்களா? துரையைக் காணோம்!" என்று கத்தினாள்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் தேடிய தேடல் இருக்கிறதே. தூறல் போட ஆரம்பித்திருந்தது. ஏரிக்கரை முழுக்க வரிசையாகக் கூடாரங்கள். நான் ஒவ்வொன்றின் வாசலிலும் குனிந்து "துரை, துரை" என்று கூப்பிட, உள்ளே இருந்து ஒரு பெரியவர் "யாருங்க அது, மரியாதை இல்லாம?" என்று வெளியே வந்துவிட்டார். அவரையும் எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவார்களாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டு நகர்ந்தால், நாய்கள் ஓடி விளையாட வேலி போட்ட புல்வெளி வந்தது. இவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே இருந்த ஒவ்வொரு நாயின் வாயையும் உற்றுப் பார்த்தாள். நான் குடையைப் பிடித்தேன். நானும் ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன், அக்கா. அவன் என்னை மதிக்காவிட்டால் என்ன, வீட்டில் ஓர் ஆள் இல்லையா?

"அவன் கிடைக்கலைன்னா உங்ககிட்ட நான் எப்படிப் பேசுவேன்?" என்றாள் இவள்.

"இப்பப் பேசிக்கிட்டுத்தானே இருக்கே?"

"இது பேச்சா? திட்டு."

"திட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லை. நேரா திட்டு."

வேலியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். "கண்ணை மூடிக்கிட்டு கை நீட்டினாலும் எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் வெச்ச இடம். அந்த வீட்ல யார்கிட்டயும் கேட்காம நான் எடுக்கிற இடம் அது ஒண்ணுதான். நீங்க ஆபீஸ் போயிட்டிருந்தவரைக்கும் அங்க எட்டிக்கூடப் பார்த்ததில்லை. திடீர்னு வந்து எனக்கே என் உப்பு டப்பா எங்கன்னு தெரியாமப் பண்ணிட்டீங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அகர வரிசையின் நன்மைகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. இவள் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் உள்ளே போய்விட்டன. "வீட்டுக்குப் போனதும் நீயே உன் இஷ்டத்துக்கு அடுக்கு. நான் அந்தப் பக்கமே வரலை" என்றேன். "வரவேணாம்னு யார் சொன்னது? வந்தா பாத்திரம் தேய்ங்க" என்றாள். அக்கா, நீ எதற்காக எங்களை இங்கே அனுப்பினாயோ அது அந்த நாய் வேலியோரம், ஒரே குடைக்கடியில், தாடிக்காரரின் நாய் பார்த்துக்கொண்டிருக்கையில் நடந்து முடிந்தது.

துரையும் கிடைத்துவிட்டான். விறகுக் கொட்டகைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், தலை முதல் வால் வரை சேற்றில் முக்கி எடுத்தது போல உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து கூப்பிட்டதும் என்ன செய்தான் தெரியுமா? நேரே ஓடி வந்து என் தோளில் ஏறிக்கொண்டான். என் தோளில்! பிராணிகள் குளியலறைக்குத் தூக்கிப் போய் வெந்நீர் ஊற்றிச் சூடான காற்றில் காய வைத்தோம். ஒரு முனகல் இல்லை. வீட்டுக்கு வந்து எலும்பு பிஸ்கட்டை நொறுக்கித் தின்றான், மெத்தையில் புரண்டான், அப்புறம் என் மடியில் ஏறிப் படுத்து கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டான். நான் கால் மரத்துப் போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பட்ட கஷ்டம் அவனை ஒரேயடியாகத் திருத்திவிட்டது. இத்தனை வருஷம் பிழை திருத்தியிருக்கிறேன், இவ்வளவு சுத்தமான திருத்தத்தைப் பார்த்ததில்லை.

ஆகவே அக்கா, பயன் இருந்தது என்பதற்காக நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஜலதோஷம் எனக்குத்தான். நாளைக் காலையில் எங்கள் துரையோடு, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே, கிளம்புகிறோம். இனி என் வாழ்நாளில் இந்த மாதிரி இடத்துக்கு வரமாட்டேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. நன்றாகப் படித்து, நல்ல வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் சமையலறையை எட்டிப் பார்க்காமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தும்மலுடன்,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கம்பளிச் சட்டை வேண்டும் என்று உட்கார்ந்தபடியே கையை நீட்டி அலமாரியைத் திறந்தேன். சட்டைக்கு மேல் துரை படுத்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் பக்கத்தில் காலியான பால் கிண்ணம். நான் மடியைப் பார்த்தேன். அங்கேயும் அதே சாம்பல் நிறத்தில் ஒருவன் கடகடவென்று தூங்குகிறான். இவளைப் பார்த்தேன். "நேத்து துண்டு எடுக்கத் திறந்தப்பவே பார்த்தேங்க. அவன் வெளியவே போகலை. நீங்க அதை மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தீங்களா, சொல்ல மனசு வரலை" என்கிறாள். இப்போது வெளியே ஓர் அம்மாள் கையில் தட்டோடு, "பட்டு, பட்டு" என்று அழாத குறையாகக் கூப்பிட்டுக்கொண்டு கூடாரம் கூடாரமாக வருகிறாள். என் மடியில் இருப்பவன் காதை நிமிர்த்துகிறான். நான் சத்தம் வராமல் சன்னலைச் சாத்தியிருக்கிறேன். இவள் கதவருகே நின்றுகொண்டு, "திறக்கட்டுமா?" என்று என்னையே கேட்கிறாள். அக்கா, இதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உடனே போன் செய்து சொல். கொஞ்சம் தாமதமாகச் செய்தாலும் பரவாயில்லை.